எண் 125559

8ஆர்02எஸ்125559. 1968-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் உடலில் பொறிக்கப்பட்ட எண் இது. ஹாலிவுட் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களில் இந்தக் காரைத் திரையில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் 1974 முதல் ஏறத்தாழ 44 ஆண்டுகள் அது எங்கே கிடந்தது என்பது ஒரு குடும்பத்துக்கும் அவர்களுக்கு வேண்டிய மிகச் சிலருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. 2018 ஜனவரி 14 அன்று டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியபோது, அதன் பக்கத்தில் பெயிண்ட் மங்கி, துரு தலைகாட்டிய அந்தப் பழைய பச்சைக் காரும் நின்றது.

அதைக் கொண்டுவந்தவரின் சொல்லை மட்டும் நம்பி ஃபோர்டு அதை மேடையில் ஏற்றவில்லை. ஐம்பது வருடப் பழைய உலோகக்கூடு ஒன்று, தான் யார் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நிரூபணத்துக்குள் உலோகவியலும் வேதியியலும் ஆவணத் தேடலும் ஒன்றுசேர்கின்றன.

முதலில் படம். 1968 அக்டோபரில் வெளிவந்த ‘புல்லிட்’. இயக்கியவர் பீட்டர் யேட்ஸ்; சான் ஃபிரான்சிஸ்கோ காவல்துறை அதிகாரி ஃபிராங்க் புல்லிட்டாக நடித்தவர் ஸ்டீவ் மெக்வீன். அந்நகரத்தின் செங்குத்தான தெருக்களில் ஒரு பச்சை மஸ்டாங்கும் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் ஒன்றையொன்று துரத்தும் காட்சி பதினோரு நிமிடத்துக்குச் சற்றே குறைவாக ஓடும். துரத்தல் சூடுபிடித்த பிறகு வசனம் இல்லை, பின்னணி இசையும் இல்லை. இன்ஜினின் உறுமலும் டயரின் கீச்சொலியும்தான். மணிக்கு 175 கிலோமீட்டர் வரை வேகம் போனது. இப்படத்துக்காகப் படத்தொகுப்பாளர் ஃபிராங்க் கெல்லர் ஆஸ்கர் விருது பெற்றார். கவனித்துப் பார்த்தால், கார்கள் ஒரே பச்சை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைத் திரும்பத் திரும்பத் தாண்டிப்போவது தெரியும். ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து, அவற்றை அடுத்தடுத்து ஒட்டியதால் வந்தது அது.

படப்பிடிப்புக்கு இரண்டு மஸ்டாங்குகள் வாங்கப்பட்டன. இரண்டும் அடுத்தடுத்த எண் கொண்டவை: 125558, 125559. முதலாவது குதிப்பதற்கும் மோதுவதற்கும். இரண்டாவது மெக்வீனை அருகில் காட்டும் காட்சிகளுக்கு. பந்தய வண்டிகளைக் கட்டிப் பழகிய மேக்ஸ் பால்சோவ்ஸ்கி இரண்டையும் பிரித்து மேய்ந்தார். சஸ்பென்ஷன் இறுக்கப்பட்டது, இன்ஜினின் சிலிண்டர் ஹெட் சீவப்பட்டது. முகப்பில் பாயும் குதிரைச் சின்னம் கழற்றப்பட்டது. பின்பக்க ரிவர்ஸ் விளக்குகளும் போயின. வண்டிக்கு ஒரு முரட்டுத் தோற்றம் வந்தது. கேமராவைப் பொருத்துவதற்காக அடிப்பகுதியில் இரும்புத் தாங்கிகள் பற்றவைக்கப்பட்டன. இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வேலைக்கு ஆகும்.

நடுத்தர அளவு உடலில் பெரிய வி8 இன்ஜினைத் திணித்துச் செய்த அமெரிக்கக் கார்களை மஸில் கார் என்பார்கள். 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓவை அந்த வகையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். மஸ்டாங்கும் அதே ஆண்டு ஏப்ரலில் பிறந்தது. அதைச் சிறிய ‘போனி கார்’ என்று தனியாக வகைப்படுத்துபவர்கள் உண்டு. ஆனால் 6.4 லிட்டர் கொள்ளளவும் 325 குதிரைத்திறனும் கொண்ட, ‘புல்லிட்’ படத்தில் ஓடிய ஜிடி 390-ஐ மஸில் கார் என்று அழைக்க அவர்களுக்கும் தயக்கம் இராது.

இந்தக் கார்களின் பொற்காலம் பத்து ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1970-இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இளைஞர்கள் ஓட்டும் வேகமான வண்டிகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டபோது, லிட்டர் கணக்கில் எரிபொருள் குடிக்கும் வி8 வண்டி வீட்டுக்குச் சுமையானது. நேற்றுவரை கனவாக இருந்தவை பழைய கார் விற்பவர்களிடம் மலிவாகக் கிடைத்தன. மாணவர்கள் வாங்கி ஓட்டினார்கள், மோதினார்கள், கொல்லையில் போட்டுவைத்தார்கள். அரிய வண்டிகள் பல இன்று கொட்டகைகளில் அகப்படுவதற்குக் காரணம் இந்தச் சில வருட விலைச் சரிவுதான்.

559-இன் கதையும் அதே காலத்தில் திரும்புகிறது. படம் முடிந்ததும் அது வார்னர் பிரதர்ஸ் ஊழியர் ஒருவரிடம் போனது. அவரிடமிருந்து நாட்டின் மறுகோடியான நியூஜெர்சியில் ஒரு துப்பறியும் காவலருக்கு. 1974-இல் அவர் ‘ரோட் அண்ட் டிராக்’ பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்தார். அதே மாநிலத்துக் குடும்பத்தலைவர் ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். அதன் பிறகு ‘புல்லிட்’ மஸ்டாங் செய்த வேலை, ஒரு பள்ளி ஆசிரியையை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது. அவர் அந்தக் குடும்பத்தலைவரின் மனைவி.

1977 டிசம்பரில் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் ஸ்டீவ் மெக்வீன். காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புவதாகவும், பதிலாக வேறொரு மஸ்டாங் தேடித் தரத் தயார் என்றும், விலை அதிகமானால் மறந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். குடும்பம் விற்கவில்லை. 1980-இல் கிளட்ச் பழுதாகி வண்டி நின்றது. ஓடோமீட்டர் காட்டியது சுமார் 65,000 மைல், அதாவது ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதே ஆண்டு நவம்பரில் மெக்வீன் தன் ஐம்பதாவது வயதில் இறந்தார். குடும்பம் மாநிலம் மாநிலமாக இடம்பெயர்ந்தபோது, ஓடாத காரும் கூடவே போய், கடைசியில் டென்னசியில் நிலைகொண்டது. 2001-இல் தந்தையும் மகனும் அதைச் சீரமைக்கத் தொடங்கி, தந்தையின் உடல்நலம் குன்றியதால் நிறுத்தினார்கள். அவர் 2014-இல் மறைந்த பிறகு மகன்தான் ஃபோர்டைத் தொடர்புகொண்டார்.

இங்கே சந்தேகம் எழுவது நியாயம். 1968-இல் மட்டும் இதே சாய்முதுகு உடலமைப்பில் 40,000-க்கும் மேற்பட்ட மஸ்டாங்குகள் வெளிவந்தன. அவற்றில் எதற்கும் ஹைலேண்ட் கிரீன் என்னும் அந்தக் கரும்பச்சையை அடித்து, குதிரைச் சின்னத்தைக் கழற்றிவிட்டால் கண்ணுக்கு அது ‘புல்லிட்’ கார்தான். அப்படிப்பட்ட நகல்கள் உலகெங்கும் ஓடுகின்றன. நகலுக்கும் அசலுக்கும் இடையே விலை நூறு மடங்கு வேறுபடலாம் என்னும்போது ஏமாற்றுவதற்கும் ஆள் இருப்பார்கள்.

எனவே முதல் சாட்சி எண். தமிழ்நாட்டில் பழைய வண்டி கைமாற்றியவர்களுக்கு இது பழகிய விஷயம். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எடுக்கும் ‘சேஸிஸ் பிரிண்ட்’ இல்லாமல் பல காகிதங்கள் நகராது. அமெரிக்க மஸ்டாங்கின் எண்ணும் அப்படிப்பட்டதே. ஆனால் 1981-இல் 17 இடங்கள் கொண்ட பொதுமுறை வரும்வரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. ஃபோர்டின் மொழியில் முதல் 8 என்பது 1968. ‘ஆர்’ என்பது சான் ஹோஸே தொழிற்சாலை. 02 என்பது சாய்முதுகு உடல். ‘எஸ்’ என்பது நாலு பீப்பாய் கார்புரேட்டர் கொண்ட 390 ஜிடி இன்ஜின். மிச்சமுள்ள ஆறு இலக்கமும் அந்த ஆலையின் வரிசை எண். அது 100001-இல் தொடங்கும். சான் ஹோஸே ஆலை 1983-இல் மூடப்பட்டு, இன்று பெரிய வணிக வளாகமாக இருக்கிறது. அங்கே கடைகளில் நடப்பவர்கள், ஒருகாலத்தில் மஸ்டாங்குகள் வரிசையாக நகர்ந்த தரையில்தான் நடக்கிறார்கள்.

1968 மாடலில் இந்த எண் முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி டாஷ்போர்டின் மேல் ஒரு தகட்டில் இருக்கும். தகட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆகவே நிபுணர்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் தேடுவது முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்கு உள்ளே மறைந்திருக்கும் உடல் தகட்டில் நேரடியாக அச்சடிக்கப்பட்ட எண்ணை. மட்கார்டை அவிழ்த்தால்தான் அதை முழுதாகப் படிக்க முடியும். 1968 முதல் இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது. இவை எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

வார்ப்பு உறுப்புகளில் இன்னொரு நாட்காட்டியும் இருக்கிறது. ஃபோர்டு வார்ப்புகளில் ஆண்டுக்கு ஓர் இலக்கம், மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு தேதி. ‘8சி14’ என்றால் 1968 மார்ச் 14. இன்ஜின் பிளாக்கின் வார்ப்புத் தேதி கார் பூட்டப்பட்ட நாளுக்குப் பிந்தியதாக இருந்தால், அந்த இன்ஜின் பின்னால் வந்து ஏறியது என்று அர்த்தம். வேறு விளக்கமே கிடையாது.

எண்ணை அரத்தால் ராவி அழித்துவிட்டால்? எஃகு, நுண்ணிய படிகக் குருணைகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பொருள். எழுத்து அச்சு ஓங்கி விழும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் கொஞ்ச ஆழம்வரை குருணைகள் நசுங்கி, அவற்றின் உள்ளமைப்பு குலைகிறது. ராவுபவர் பள்ளம் மறையும்வரைதான் ராவுவார். குலைந்த பகுதி அடியில் தங்கிவிடும். தடயவியல் ஆய்வாளர் அந்த இடத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றி, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃபிரை கரைசலைத் தடவுவார். சிதைந்த உலோகம் அதிக ஆற்றலைச் சுமந்திருப்பதால், சிதையாத பகுதியைவிட வேறு வேகத்தில் கரைகிறது. சில நிமிடங்களில் மங்கலாக இலக்கங்கள் மேலெழும். அவை சிலநேரம் மறுபடி மறைந்தும்போகும். அதனால் தடவத் தடவப் படம் எடுத்துக்கொண்டே போவார்கள். திருட்டு வண்டிகளைக் கண்டுபிடிக்கக் காவல்துறைகள் கையாளும் முறைதான் இது. பழைய கார்களின் வரலாற்றுக்கும் இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

எண்ணைப் படித்தால் போதாது. அந்த எண்ணுக்கு ஆலை என்ன எழுதிவைத்தது என்றும் பார்க்க வேண்டும். ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகளைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர் அரிசோனாவின் கெவின் மார்ட்டி. ஒரு குறிப்பிட்ட கார் எந்த நிறத்தில், எந்த இன்ஜினோடு, என்ன கூடுதல் வசதிகளோடு, எந்த விற்பனையாளருக்குப் போனது என்பதை அவரது அறிக்கை சொல்லும்.

அவரிடம் 2017 மார்ச்சில் வந்து சேர்ந்தது வேறொரு மஸ்டாங்கின் கேள்வி. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில், வெள்ளை பெயிண்ட் அடித்து, இன்ஜின் இல்லாமல் கிடந்த ஒரு கூடு. வாங்கியவர்கள் அதை வேறொரு திரைப்படக் காரின் நகலாக மாற்றத் திட்டமிட்டிருந்தார்கள். எண்ணைத் தேடிப் பார்த்தபோது 125558 என்று வந்தது. படப்பிடிப்பில் நொறுங்கிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று அரை நூற்றாண்டாக எல்லாரும் நம்பிய சண்டைக்காட்சிக் கார்!

இங்கே எண்ணைவிட அழுத்தமாகப் பேசியவை துளைகளும் பற்றவைப்புகளும். முன்பக்க ஷாக் அப்சார்பர் அமர்ந்திருக்கும் கோபுரங்கள் கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தப்பட்டிருந்தன. பின் அச்சும் அப்படியே. டிக்கியின் தரையில், படப்பிடிப்பு விளக்குகளுக்கு மின்கம்பி இழுத்த துளைகள் இருந்தன. எந்த ஆலையும் இவற்றைச் செய்யாது. மேடுகளில் பறந்து விழப்போகும் ஒரு வண்டிக்கு மட்டுமே இவை தேவை. 559-இலும் அதே கதை. முன்னே சொன்ன கேமராத் தாங்கிகள் அடிப்பகுதியில் அப்படியே ஒட்டியிருந்தன. நகல் செய்பவர் வெளித்தோற்றத்தைப் படத்தைப் பார்த்துச் செய்வார்; படத்தில் தெரியாத ஒன்றை எதைப் பார்த்துச் செய்வது?

பெயிண்டும் வாய் திறக்கும். ஆலையில் அடித்த பூச்சு சுமார் நூறு, நூற்றைம்பது மைக்ரான் தடிமன் இருக்கும். காந்தப்புலத்தைக் கொண்டு இயங்கும் சிறு மானியைக் கதவில் வைத்தால், மறுபூச்சு விழுந்த இடத்திலும் உள்ளே பட்டி நிரப்பிய இடத்திலும் எண் தாவும். ஓரத்தில் ஊசிமுனையளவு சில்லு எடுத்து, பிசினில் பதித்து, வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும்: அடியில் பிரைமர், மேலே முதல் நிறம், அதற்கு மேல் வந்தவை. 1968-இல் ஆலைகளில் நிறத்தின் மேல் தனியாகத் தெளிபூச்சு அடிக்கும் வழக்கம் இல்லை. அப்படி ஓர் அடுக்கு தென்பட்டால் அது பிற்காலத்தது. வெள்ளை பெயிண்டுக்கு அடியில் எந்த நிறம் இருந்தது என்பதை உரிக்காமலே சொல்லிவிடலாம்.

அடையாளம் உறுதியான பிறகு அடுத்த கேள்வி: நெடுங்காலம் நின்ற வண்டியை எழுப்புவது எப்படி? ஓடாத கார் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி, துரு வேகமெடுக்கிறது. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய்விட, மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கிறது. ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஓசோன் வெட்டுகிறது; டயரில் வெடிப்பு விழுகிறது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் பிணைகின்றன. ஆர்வத்தில் சாவியைத் திருகினால் வளையம் உடையும், சுவர் கீறும். அனுபவசாலிகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயைச் சிலிண்டர்களில் விட்டு, நாள்கணக்கில் காத்திருந்து, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்த பிறகே பேட்டரியைத் தொடுவார்கள்.

559-ஐ இப்படி ஓடவைத்தவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டது மிகச் சரியான முடிவு. உடலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. துருவை வழித்துத் தள்ளவில்லை. மணல் பீய்ச்சி, தகடு மாற்றி, பளபளக்கும் பச்சை அடித்திருந்தால், அதை அசல் என்று காட்டிய தடயங்களில் பாதியாவது அந்தத் தூசியோடு போயிருக்கும். சர்வதேசப் பழம்வாகனக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், கட்டடங்களுக்கு 1964-இல் வந்த வெனிஸ் சாசனத்தின் வழியில், வாகனத்தையும் ஒரு வரலாற்று ஆவணமாக நடத்தச் சொல்கிறது. அமெரிக்காவில் தேசிய வரலாற்று வாகனப் பதிவேடு இந்தக் கண்ணோட்டத்தோடு இயங்குகிறது. அதில் 21-ஆவதாகச் சேர்ந்தது இந்த மஸ்டாங். பதிவேட்டில் சேரும் வண்டிகளின் ஆவணங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகின்றன.

2020 ஜனவரி 10 அன்று ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் மெக்கம் நிறுவனம் 559-ஐ ஏலம் விட்டது. கேள்வி 34 லட்சம் டாலரில் நின்றது, கட்டணத்தோடு 37.4 லட்சம். அதுவரை எந்த மஸ்டாங்குக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. மங்கிய பெயிண்டோடும் துருவோடும்தான் அது அந்த மேடை ஏறியது.

எல்லா வண்டிக்கும் இப்படி ஒரு குடும்பம் வாய்ப்பதில்லை. 1967-இல் கேரல் ஷெல்பியின் நிறுவனம் சோதனைக்காக உருவாக்கிய சிவப்பு ஜிடி500 ஒன்று உண்டு. ‘லிட்டில் ரெட்’ என்று பெயர். சோதனை வண்டிகளைக் கடைசியில் நசுக்கிவிடுவது வழக்கம் என்பதால் அதுவும் போயிருக்கும் என்று நம்பினார்கள். பல ஆண்டுகள் தேடியவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏல நிறுவனத் தலைவர் கிரெய்க் ஜாக்சனின் குழு ஒரு பிழையைக் கண்டுபிடித்தது: எல்லாரும் ஷெல்பி கொடுத்த எண்ணை வைத்தே தேடியிருந்தார்கள். அரசுப் பதிவில் இருந்ததோ ஃபோர்டு கொடுத்த எண். அதைப் போட்டுப் பார்த்ததும் தடம் டெக்சஸுக்குப் போனது. 2018 மார்ச்சில் வடக்கு டெக்சஸில் ஒரு திறந்தவெளி நிலத்தில், முன்பகுதி உரிக்கப்பட்டு, இன்ஜின் இல்லாமல் லிட்டில் ரெட் கிடைத்தது.

559-ஐப் போல அதை உள்ளபடியே விட்டுவைக்க வழியில்லை. பாதி வண்டி இல்லை. சீரமைப்பதென்றால் எந்த நிலைக்கு என்பதே சிக்கல். சோதனை வண்டி என்பதால் அதன் இன்ஜின் அமைப்பை ஷெல்பியின் பொறியாளர்கள் அடிக்கடி மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் இரட்டை சூப்பர்சார்ஜர்கூட ஏறியிருந்தது. எந்த மாதம் எது பொருத்தப்பட்டிருந்தது என்பதற்கு உலோகத்தில் சாட்சி மிச்சமில்லை. அதனால் ஜாக்சன் பொதுமக்களிடம் கேட்டார்: அந்தக் காலத்தில் ஷெல்பி ஆலையில் வேலை செய்தவர்கள், அந்தக் காரைப் பார்த்தவர்கள், அலமாரியில் பழைய படமோ குறிப்போ வைத்திருப்பவர்கள் அனுப்பி உதவுங்கள் என்று.